தம்பி வண்டிக்கு ஒரு நல்ல செயின்

இன்னைக்கு கெஸ்ட் யாரும் இல்ல, நான் மட்டும்தான். ரொம்ப நாளா தள்ளிப் போட்டுக்கிட்டே வந்த டாபிக் இது. ஏன்னா இதைப் பேசணும்னா, நான் பண்ண ஒரு தப்பைச் சொல்லாம பேச முடியாது. அதனால முதல்லயே சொல்லிடறேன்.

போன வருஷம் செப்டம்பர் மாசம். என் சித்தி பையன், என்னை விட ஏழு வயசு சின்னவன், ஃபுட் டெலிவரி பண்றான். 150 சிசி வண்டி. அந்த வண்டியே என்னோட பழைய வண்டிதான், அவனுக்கு நான் கொடுத்தது. ஒரு நாளைக்கு 110 கிலோமீட்டர் ஓட்டுவான். ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வந்தவன், "அண்ணா, செயின் சத்தம் போடுது, ரொம்ப லூஸா இருக்கு, செட்டு மாத்தணும்னா எவ்வளவு ஆகும்?"னு கேட்டான். நான் பெரிய பைக் ஆளு இல்லையா, பாட்காஸ்ட் எல்லாம் பண்றேன்! "செட்டு எதுக்குடா, பல்லு நல்லாத்தான் இருக்கு, செயின் மட்டும் போதும்"னு சொன்னேன். ஜி.பி. ரோட்டுல ஒரு கடைக்குப் போனோம். 650 ரூபாய்க்கு ஒரு செயின். அட்டைப் பெட்டியில பெருசா "ஹெவி ட்யூட்டி"னு போட்டிருந்துச்சு. மெக்கானிக் கூலியும் மிச்சம் பண்ணலாம்னு வீட்டு வாசல்ல நானே மாட்டினேன். போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ்ல வேற போட்டேன்.

நவம்பர் நடுவுல ஒரு ராத்திரி, மழை. கத்திப்பாரா மேம்பாலத்துல அவன் இறங்கிக்கிட்டு இருந்தப்போ செயின் கழண்டுச்சு. கீழ விழுந்திருந்தா வண்டி சும்மா உருண்டு நின்னிருக்கும். இது பின் சக்கரத்துக்கும் ஸ்விங் ஆர்முக்கும் நடுவுல சுத்தி இறுகிடுச்சு. சக்கரம் லாக். வண்டி சறுக்கி விழுந்துட்டான். முழங்கைல தையல், தோள்பட்டைல அடி, போன் போச்சு. பின்னாடி வந்த வேன்காரர் நல்லவேளையா மெதுவா வந்துக்கிட்டிருந்தார். அவ்வளவுதான் வித்தியாசம்.

ஒன்பது நாள் அவன் வண்டி எடுக்கல. அவனுக்கு ஒன்பது நாள்னா ஒன்பது நாள் வருமானம்.

அன்னைக்கு ராத்திரி நான் பண்ண முதல் வேலை, செப்டம்பர்ல எடுத்த அந்தப் போட்டோவைத் தேடி ஜூம் பண்ணிப் பார்த்தது. செயின் லாக் தெரியுது. செயினோட ரெண்டு முனையையும் சேர்க்கிற இடத்துல போடற சின்ன கிளிப் இருக்கே, அதுதான். அந்த கிளிப்புக்கு ஒரு பக்கம் மூடியிருக்கும், ஒரு பக்கம் வாய் திறந்திருக்கும். ஒரு மீன் மாதிரி நினைச்சுக்கோங்க. செயின் எந்தத் திசையில ஓடுதோ அந்தத் திசையில மீனோட தலை இருக்கணும், பிளந்த வால் பின்னாடி இருக்கணும். மேல்பக்கச் செயின் எஞ்சினைப் பார்த்து ஓடும். அப்போ அங்க மூடின பக்கம் எஞ்சினைப் பார்க்கணும். நான் மாட்டினதுல வால் எஞ்சினைப் பார்த்துக்கிட்டு இருந்துச்சு.

சரி, லாக்கைத் தப்பா மாட்டினது நான். ஆனா தப்பா மாட்டின லாக் ரெண்டு மாசத்துக்கு மேல தாங்கியிருக்கு. அது ஏன் அன்னைக்குக் கழண்டுச்சுன்னு நம்ம மெக்கானிக் அண்ணன்கிட்ட கேட்டேன். அவர் பழைய செயினைக் கையில எடுத்து, பக்கவாட்டுல வளைச்சார். வில்லு மாதிரி வளைஞ்சுது. "தம்பி, இது செத்து ஒரு மாசம் ஆச்சு. லூஸ் ஆன செயின் சாட்டை மாதிரி ஆடும், கவர்ல போய் அடிக்கும். அடிக்கிற அடியில லாக் வாய் திறந்திருக்கு, அது எவ்வளவு நாள் தாங்கும்?"னார். அந்தச் செயின் ஓடினது வெறும் 6,500 கிலோமீட்டர்.

அதுக்கப்புறம்தான் ஒரு செயின் ஏன் சாகுதுன்னு உக்காந்து படிச்சேன். ஸ்கூட்டர் மக்களே, உங்க வண்டியில பெல்ட் உள்ள மூடி வெச்சிருக்கு, உங்களுக்கு இந்தத் தலைவலி இல்ல. இருந்தாலும் கேளுங்க, வீட்டுல யாராவது பைக் வெச்சிருப்பாங்க.

நாம எல்லாரும் "செயின் நீண்டுடுச்சு"ன்னு சொல்றோம். ரப்பர் மாதிரி இழுபட்டு நீளுதுன்னு நினைப்பு. அது இல்ல. செயினோட பிளேட் நீளறதே இல்ல. ஒரு செயினைப் பிரிச்சுப் பார்த்தா ஒவ்வொரு கணுவுலயும் உள்ள ஒரு பின் இருக்கும். அந்தப் பின் ஒரு சின்னக் குழாய்க்குள்ள திரும்பும், அதுக்குப் பேரு புஷ். புஷ்ஷுக்கு மேல ரோலர் சுத்தும். செயின் ஒவ்வொரு தடவை ஸ்ப்ராக்கெட்டைச் சுத்தி மடங்கும்போதும் பின்னும் புஷ்ஷும் ஒண்ணோட ஒண்ணு உரசும். அங்கதான் தேய்மானம்.

இப்போ ஒரு கணக்கு. தம்பி வண்டியில 128 கண்ணி. ஒவ்வொரு கணுவுலயும் 0.1 மில்லிமீட்டர் தேஞ்சா போதும். ஒரு தலைமுடி தடிமன்தான், கண்ணுக்கே தெரியாது. ஆனா 128 கணுவுலயும் சேர்ந்தா கிட்டத்தட்ட 13 மில்லிமீட்டர். அதைத்தான் நாம "நீண்டுடுச்சு"ன்னு சொல்றோம்.

இந்த விஷயம் புதுசும் இல்ல. 1864ல இங்கிலாந்துல ஜேம்ஸ் ஸ்லேட்டர்னு ஒருத்தர் டிரைவ் செயினுக்குப் பேட்டன்ட் எடுத்தார். அதுல புஷ் கிடையாது. மெல்லிசு பிளேட்டோட ஓரத்துல நேரடியா பின் உரசும், சீக்கிரம் தேஞ்சுடும். சுவிட்சர்லாந்துல பொறந்து மான்செஸ்டர் பக்கம் வந்து செட்டில் ஆன ஹான்ஸ் ரெனால்ட் அந்தத் தொழிலை வாங்கினார். 1880ல புஷ் ரோலர் செயினுக்குப் பேட்டன்ட் எடுத்தார். அந்த ஒரு குழாயைச் சேர்த்ததால உரசுற பரப்பு அகலமாச்சு, தேய்மானம் குறைஞ்சுது. இன்னைக்கு உங்க வண்டியில ஓடறது அதே டிசைன்தான். 140 வருஷத்துக்கு மேல ஆச்சு, பிரச்சினை அதே இடத்துலதான் இருக்கு: பின்னுக்கும் புஷ்ஷுக்கும் நடுவுல எண்ணெய் இருக்கா, மண் இருக்கா?

இதை மனசுல வெச்சுக்கிட்டு கடைக்குப் போங்க. கடைக்காரர் முதல்ல என்ன சொல்வார்? "இது ஸ்ட்ராங் சார், ரெண்டு டன் தாங்கும்." பெட்டியிலயும் டென்சைல் ஸ்ட்ரெங்த்னு ஒரு நம்பர் போட்டிருக்கும். நானும் அதைப் பார்த்துத்தான் மயங்கினேன். அந்த நம்பர் பொய்னு சொல்லல. நமக்கு அது தேவையில்லாத நம்பர். 150 சிசி வண்டியை ஃபர்ஸ்ட் கியர்ல முழுசா முறுக்கினா செயின் மேல வர்ற இழுவை எவ்வளவுன்னு எஞ்சின் டார்க், கியர் ரேஷியோ, முன் ஸ்ப்ராக்கெட் அளவு எல்லாம் வெச்சுப் போட்டுப் பார்த்தேன். சுமாரா 400 கிலோ வருது. உருப்படியான எந்த 428 செயினும் அதைப் போல நாலு மடங்குக்கு மேல தாங்கும். அதாவது நம்ம வண்டியில செயின் இழுத்து அறுந்து சாகறது ரொம்ப அபூர்வம். தேஞ்சு சாகும், துரு பிடிச்சு இறுகிச் சாகும், இல்லன்னா லாக் கழண்டு சாகும். பலத்துக்கு எக்ஸ்ட்ரா காசு கொடுக்கறதை விட, அந்த உரசல்ல கிரீஸ் நிக்கறதுக்குக் காசு கொடுக்கறதுதான் புத்திசாலித்தனம்.

கிரீஸ் நிக்கறதுக்கு வழி, சீல் வெச்ச செயின். ஓ-ரிங், எக்ஸ்-ரிங்னு கேள்விப்பட்டிருப்பீங்க. ஃபேக்டரியிலேயே பின்னுக்கும் புஷ்ஷுக்கும் நடுவுல கிரீஸ் போட்டு, ரெண்டு பிளேட்டுக்கு இடையில ஒரு ரப்பர் வளையம் வெச்சு மூடிடுவாங்க. உள்ள இருக்கிற கிரீஸ் வெளிய வராது, வெளியில இருக்கிற மழைத்தண்ணி, மெட்ரோ வேலை நடக்கிற ரோட்டு மண்ணு உள்ள போகாது. ஓ-ரிங்னா வளையத்தை வெட்டிப் பார்த்தா வட்டமா இருக்கும். எக்ஸ்-ரிங்னா எக்ஸ் எழுத்து மாதிரி நாலு உதடு இருக்கும். முழுசா நசுங்காம அந்த உதடுங்க மட்டும் தொடறதால உரசல் கம்மி, சீலும் அதிக நாள் நிக்கும். விலையும் கூட. கேடிஎம் மாதிரி வண்டிகள்ல கம்பெனியிலேயே சீல் செயின்தான் வருது. 100, 125 சிசி வண்டிகள்ல பெரும்பாலும் சாதா செயின். ஆனா அதுல சில வண்டிகளுக்கு முழுசா மூடின செயின் கவர் இருக்கும். அழகா இருக்காதுன்னு அதைக் கழட்டிப் போடற நண்பர்களே, அந்தத் தகரம்தான் உங்க செயினுக்குக் குடை. தயவு செஞ்சு திரும்ப மாட்டுங்க. அந்தக் கவர் நல்லா இருந்தா சாதா செயினே உங்களுக்குப் போதும், சீல் செயினுக்குச் செலவு பண்ணவே வேண்டாம்.

தம்பி வண்டிக்குப் பாதி கவர்தான். மழை, வெயில், நாளைக்கு 110 கிலோமீட்டர். அவனுக்கு சீல் செயின்னு முடிவு பண்ணோம்.

அடுத்து, நம்பர். செயின் பிளேட் மேலேயே அச்சடிச்சிருக்கும்: 428, 520, 525, 530 இப்படி. முதல் நம்பர், ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் உள்ள தூரம், எட்டுல எத்தனை பங்கு இன்ச்னு சொல்லுது. 4ன்னா எட்டுல நாலு, அதாவது அரை இன்ச், 12.7 மில்லிமீட்டர். 5ன்னா எட்டுல அஞ்சு, 15.875 மில்லிமீட்டர். கடைசி ரெண்டு நம்பர் உள் அகலத்தோட குறியீடு. உங்க வண்டிக்கு எந்த நம்பரோ அதேதான் வாங்கணும், கூடவே கண்ணி எண்ணிக்கையும் சரியா இருக்கணும். "428 போட்ட இடத்துல 520 போடலாம், ஸ்ட்ராங்கா இருக்கும்"னு யாராவது சொன்னா, ஸ்ப்ராக்கெட்டையும் மாத்தாம அது பல்லுல உக்காரவே உக்காராதுங்க.

ஒரே 428லயே சாதா, ஹெவி, சீல் வெச்சதுன்னு வகை இருக்கு. பல்லுல உக்கார்ற அளவு ஒண்ணுதான், ஆனா சீல் செயினுக்கு ரப்பர் வளையம் இருக்கறதால பின் நீளம் கொஞ்சம் கூட. அதனால சாதா செயின் வந்த வண்டிக்கு சீல் செயின் மாத்தறப்போ, எஞ்சின் பக்கம் ஸ்ப்ராக்கெட் கவர்லயும் செயின் கார்டுலயும் இடிக்குதான்னு பார்க்கணும். மாட்டினதும் சென்டர் ஸ்டாண்ட் போட்டு, எஞ்சினை ஆஃப் பண்ணிட்டு, சக்கரத்தைக் கையால மெதுவா சுத்திக் காதைக் கொடுத்துக் கேளுங்க. உரசினா சத்தம் வரும். எங்களுக்குக் கார்டுல ஒரு இடத்துல லேசா உரசுச்சு, போல்ட்டுல ஒரு வாஷர் சேர்த்து சரி பண்ணார் அண்ணன்.

கலர் பத்தி நிறைய பேர் கேக்கறீங்க. தங்கக் கலர் செயின் நல்லா உழைக்குமா? தங்கக் கலர் வெளி பிளேட் மேல இருக்கிற பூச்சு. துருவுக்கு எதிரா உதவும், பீச் ரோடு பக்கம் உப்புக் காத்துல இருக்கறவங்களுக்கு அது சின்ன விஷயம் இல்ல. ஆனா உள்ள பின் தேயறதுக்கும் அந்தக் கலருக்கும் சம்பந்தம் இல்ல. சீல் இல்லாத தங்கச் செயினா, சீல் வெச்ச கறுப்புச் செயினான்னு கேட்டா, நான் கறுப்பைத்தான் எடுப்பேன்.

பிராண்டு. இங்க நமக்கு ஒரு பெருமை இருக்கு. டூவீலர் செயின்ல நம்ம நாட்டுல எல்லாருக்கும் தெரிஞ்ச ரெண்டு பேர், டயமண்டும் ரோலானும், ரெண்டுமே தமிழ்நாடுதான். டயமண்டு, சென்னை டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸோடது. ரோலான், கோயம்புத்தூர் எல்ஜிபியோடது. எல்ஜிபி 1937ல பஸ் ஓட்டற கம்பெனியா ஆரம்பிச்சதுங்கிறது இன்னும் சுவாரஸ்யம். வெளிநாட்டுல ஜப்பானோட டிஐடி, ஆர்கே. இதுல எதை வாங்கினாலும் பரவாயில்லைங்கறது என் அபிப்ராயம். பேரை விட முக்கியம், அது ஒரிஜினலா இருக்கணும். நல்ல செயின்ல பிளேட் மேல கம்பெனி பேரும் சைஸும் தெளிவா, கண்ணிக்குக் கண்ணி ஒரே மாதிரி அச்சாகியிருக்கும். நான் வாங்கின அந்த 650 ரூபாய் செயின்ல பிளேட் மேல எதுவுமே இல்ல. வெறும் மழமழன்னு இருந்துச்சு. பெட்டி மட்டும்தான் பேசுச்சு.

இன்னொண்ணு, நான் பண்ண ரெண்டாவது தப்பு. செயின் மட்டும் மாத்தினது. பழைய செயின் தேஞ்சு கண்ணி தூரம் கூடினப்போ, ஸ்ப்ராக்கெட் பல்லும் அதோட சேர்ந்து தேஞ்சிருக்கும். பல்லு கொக்கி மாதிரி ஒரு பக்கம் சாஞ்சிருக்கும். அதுல புதுச் செயினைப் போட்டா, புதுச் செயினோட சரியான அளவும் பல்லோட கெட்டுப்போன அளவும் ஒத்துப் போகாது. எல்லாப் பல்லும் பகிர்ந்து இழுக்க வேண்டியதை ஒண்ணு ரெண்டு பல்லே இழுக்கும். புதுச் செயின் பழைய செயினோட வயசுக்கு வேகமா வந்து சேரும். அதனால மூணும் சேர்த்து: முன் ஸ்ப்ராக்கெட், பின் ஸ்ப்ராக்கெட், செயின். தினம் ஓட்டற வண்டின்னா ஸ்டீல் ஸ்ப்ராக்கெட். அலுமினியம் எடை கம்மி, ரேஸுக்கு சரி, சீக்கிரம் தேயும்.

இப்போ காசுக் கணக்கு. சீல் செயினோட முழு செட் எங்களுக்கு 3,300 ரூபாய், மாட்ட 300. மொத்தம் 3,600. "அண்ணா, 650க்கு வாங்கின இடத்துல 3,600ஆ?"ன்னான் தம்பி. நியாயமான கேள்வி. ஆனா அந்த 650 வெறும் 650 இல்ல. அந்தச் செயின் ஸ்ப்ராக்கெட் ரெண்டையும் தின்னுட்டுத்தான் செத்துச்சு, அது ஒரு 600. மெக்கானிக்கிட்ட போயிருந்தா கூலி 250. மொத்தம் 1,500, ஓடினது 6,500 கிலோமீட்டர். கிலோமீட்டருக்கு 23 பைசா. புது செட் இதுவரைக்கும் தேஞ்ச வேகத்தை வெச்சுப் பார்த்தா 22,000 கிலோமீட்டர் பக்கம் வரும்போல. அப்போ 16 பைசா. மாசத்துக்கு மிச்சம் 200 ரூபாய். உண்மையைச் சொல்லணும்னா நான் இதை விடப் பெரிய வித்தியாசத்தை எதிர்பார்த்தேன். 200 ரூபாய்க்காக யாரும் துள்ளிக் குதிக்க மாட்டாங்க. ஆனா அந்த ஒன்பது நாளை எந்தப் பக்கம் எழுதறது? தையலை எந்தப் பக்கம் எழுதறது?

வாரத்துக்கு ரெண்டு நாள் ஆபீஸ் போக மட்டும் வண்டி எடுக்கிறவங்களுக்கு இந்தக் கணக்கு வேற. வருஷத்துக்கு 4,000 கிலோமீட்டர்தான் ஓடும்னா ஒழுங்கா எண்ணெய் போட்டு வெச்ச நல்ல கம்பெனி சாதா செட்டே ரெண்டு வருஷத்துக்கு மேல வரும்.

மாட்டறது பத்தி. லாக்குல ரெண்டு வகை: கிளிப் போடறது, ரிவிட் அடிக்கிறது. சின்ன வண்டிக்குக் கிளிப் போதும், மீன் கதையை மறக்காம இருந்தா. 520க்கு மேல போற வேகமான வண்டிகளுக்கு ரிவிட்தான். அதுக்குன்னு பிரெஸ் டூல் இருக்கு, சுத்தியலால அடிக்கிற ஆள்கிட்ட கொடுக்காதீங்க. அதிகமா அழுத்திட்டா அந்தக் கணு மட்டும் விறைச்சுப் போகும். சீல் செயினோட லாக்குல நாலு குட்டி ரப்பர் வளையமும் ஒரு சின்ன கிரீஸ் பாக்கெட்டும் தனியா வரும். நாலும் போகுதான்னு பக்கத்துல நின்னு எண்ணுங்க. ஒண்ணை விட்டுட்டா 127 கணு நல்லா இருந்தும் அந்த ஒண்ணு முதல்ல போகும். பழைய கிளிப்பைத் திரும்பப் போட விடாதீங்க.

டைட் வைக்கிறதுல நம்ம ஊர்ல ஒரு வியாதி இருக்கு. "நல்லா டைட் வெச்சுடுங்கண்ணா, திரும்பத் திரும்ப வர முடியாது." நானும் சொல்லியிருக்கேன். வண்டியில ஆள் உக்காந்து பின் சக்கரம் மேல ஏறும்போது செயின் இன்னும் இறுகும். ஏற்கனவே இறுக்கமா இருந்தா செயினும் தேயும், எஞ்சின்லேர்ந்து வர்ற ஷாஃப்டோட பேரிங்கும் அடி வாங்கும். எவ்வளவு ஆட்டம் வைக்கணும்னு ஸ்விங் ஆர்ம் மேல ஸ்டிக்கர்லயோ மேனுவல்லயோ இருக்கும். நிறைய வண்டிக்கு 20லேர்ந்து 30 மில்லிமீட்டர். ஒரே இடத்துல பார்த்தாப் போதாது, சக்கரத்தைச் சுத்தி நாலஞ்சு இடத்துல பாருங்க. இருக்கறதுலயே இறுக்கமான இடத்துல அந்த அளவு கிடைக்கணும்.

எண்ணெய். சீல் செயின்தானே, உள்ளயே கிரீஸ் இருக்கேன்னு சும்மா விடாதீங்க. ரோலரும் பல்லும் உரசற இடத்துக்கு வெளியிலேர்ந்து எண்ணெய் வேணும், ரப்பரும் காயக் கூடாது. மண்ணெண்ணெய் தொட்ட மெத்து பிரஷ்ல துடைச்சு, 90 நம்பர் கியர் ஆயில் இல்லன்னா செயின் லூப், 500 கிலோமீட்டருக்கு ஒரு தடவை, மழையில நனைஞ்சா அன்னைக்கே. வண்டி ஓடி வந்து செயின் சூடா இருக்கும்போது உள்பக்கத்துல விடுங்க, மேல வழியறதைத் துடைச்சிடுங்க. எஞ்சின் ஓடும்போது துணி வெச்சுத் துடைக்கவே கூடாது, விரல் போயிடும். இது மிரட்டல் இல்ல, நடக்கிற விஷயம். பெட்ரோல் வேண்டாம், கம்பி பிரஷ் வேண்டாம், வாட்டர் சர்வீஸ்ல அந்தப் பிரஷர் கன்னைச் செயின் பக்கத்துல பிடிக்க விடாதீங்க. ரப்பர் வளையம் போச்சுன்னா நீங்க கொடுத்த எக்ஸ்ட்ரா காசு மொத்தமும் போச்சு. சாதா செயினோ சீல் செயினோ, எஞ்சின்லேர்ந்து எடுத்த கறுப்பு வேஸ்ட் ஆயிலை ஊத்தறதை நிறுத்துங்க. அழுக்கும் மண்ணும் சேர்ந்து உப்புத்தாள் வெச்சுத் தேய்க்கிற மாதிரிதான் அது.

செயின் போச்சா இல்லையான்னு எப்படித் தெரியும்? சுலபமான வழி, பின் ஸ்ப்ராக்கெட்டோட கடைசி முனையில, அதாவது வண்டியோட வால் பக்கம், செயினைப் பிடிச்சுப் பின்னாடி இழுங்க. பல்லுல பாதி வெளிய தெரிஞ்சா முடிஞ்சுது. சரியான வழி, அளக்கறது. செயினை விறைப்பா இழுத்துப் பிடிச்சு, ஒரு பின்னோட நடுவுலேர்ந்து எண்ண ஆரம்பிச்சு 21ஆவது பின்னோட நடு வரைக்கும் ஸ்டீல் டேப் வைங்க. நடுவுல 20 கண்ணி வரும். புது 428ல அது 254 மில்லிமீட்டர். புது 520, 525, 530ல 317.5. சாதா செயின் 2 சதவீதம் கூடினா, அதாவது 428ல 259 வந்தா, மாத்தியே ஆகணும். சீல் செயினுக்கு நான் 1 சதவீதத்துலேயே கோடு போட்டுட்டேன், 256.5. ஏன்னா சீல் செயின் அந்த அளவு தேஞ்சுதுன்னா உள்ள கிரீஸ் போயிடுச்சுன்னு அர்த்தம், அதுக்கப்புறம் வேகமா போகும். நான் கழட்டின அந்த 650 ரூபாய் செயினை அளந்தேன். 260.

போன ஞாயித்துக்கிழமை தம்பி வந்திருந்தான். புது செட் போட்டு அஞ்சு மாசம், 14,000 கிலோமீட்டர். மழைக்காலத்தோட கடைசி மூணு வாரத்தை மட்டும்தான் அது பார்த்திருக்கு, முழு மழை இனிமேதான். வாசல்ல சென்டர் ஸ்டாண்ட் போட்டோம். டேப்பை அவன்தான் பிடிச்சான், நான் டார்ச் அடிச்சேன். 255.6. ரெண்டு இடத்துல அளந்தோம், அதேதான். அட்ஜஸ்டர்ல இதுவரைக்கும் மூணு தடவைதான் திருப்பியிருக்கான். முன்னாடி வாரா வாரம் திருப்பினவன்.

எண்ணெய் போட்டு முடிச்சதும், "லாக் எங்க இருக்கு, காட்டுடா"ன்னேன். சக்கரத்தைச் சுத்தி லாக் இருக்கிற கண்ணியை மேல கொண்டு வந்தான். மூடின பக்கம் எஞ்சினைப் பார்த்துக்கிட்டு இருந்துச்சு. "அண்ணா, நீ போன வாரமும் இதையே பார்த்த"ன்னு சிரிச்சான். முழங்கைல தையல் போட்ட தழும்பு இன்னும் இருக்கு. போன் அடிச்சுது, ஆர்டர் வந்துடுச்சு, ஹெல்மெட்டை மாட்டிக்கிட்டுக் கிளம்பிட்டான். தெருமுனை வரைக்கும் சத்தம் கேட்டுக்கிட்டு நின்னேன். செயின் சத்தம் இல்ல, எஞ்சின் சத்தம் மட்டும்தான்.

உங்க செயினோட 20 கண்ணி அளவை எடுத்து, வண்டி எவ்வளவு ஓடியிருக்குங்கறதையும் சேர்த்து வாய்ஸ் நோட்டா அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல சிலதைப் போடறேன். லாக் போட்டோவும் அனுப்பலாம், ஜூம் பண்ணிப் பார்த்துச் சொல்றேன்.